பேனை எந்த இடத்தில் நிற்கிறது?

"எழுத வருகுதில்லை" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "எந்த இடத்தில் நிற்கிறது?" என்றுதான். வயிற்றுவலி என்று போகிறவரை வைத்தியர் படுக்கவைத்து, இங்கேயா இங்கேயா என்று அழுத்திப் பார்ப்பார் அல்லவா, அதுபோல. முதல் வரியிலேயே நிற்கிற பேனைக்கும் மூன்றாம் பக்கத்தில் நிற்கிற பேனைக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. "தினமும் எழுதுங்கள், நிறைய வாசியுங்கள்" என்ற பொதுப் புத்திமதியால் பலருக்கு ஒன்றும் நடக்காமல் போவது இதனால்தான்.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக (அச்சுப்பிழை திருத்துபவராக) சேர்ந்து, பிறகு உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். ரயில் போகும்போது பேச்சை அரை வசனத்தில் நிறுத்திவிட்டு, அது போன பிறகு தொடர வேண்டும். வருகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. சனிக்கிழமைகளில் யாராவது ஒரு கொப்பியோடு வந்து உட்காருவார்கள். பல்கலைக்கழகத்து ஆய்வுக் கட்டுரை, பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் அறிக்கை, அம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலர், எப்போதாவது ஒரு சிறுகதை. அந்த மேசையில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடுகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. உங்களுடையது எதுவோ அதற்குப் போங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. ஒரு துண்டுக் கடதாசியில் இந்த வசனத்தை நிரப்புங்கள்: "இதை வாசித்து முடித்ததும் இன்னாருக்கு இன்னது தெரிய வேண்டும்", அல்லது "இன்னார் இன்னது செய்ய வேண்டும்". இன்னார் என்ற இடத்தில் "எல்லோரும்", "வாசகர்கள்", "சமூகம்" என்று போடக் கூடாது. முகம் தெரிந்த ஒருவர் வேண்டும். வருகிறவர்களில் கணிசமானவர்கள் இந்த ஒரு வரியை எழுதிவிட்டே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பழைய மாணவர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கையில் இரண்டு கிழமையாகச் சிக்கிக்கொண்டிருந்தார். கடதாசியைக் கொடுத்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மழைக்கு முன் கூரை போட அங்கத்தவர்கள் காசு தர வேண்டும்" என்று எழுதினார். எழுதிவிட்டு அவரே சிரித்தார். அந்த அறிக்கையில் அதுவரை கூரை என்ற சொல்லே வந்திருக்கவில்லை.

முதல் வரி வரவில்லை, அல்லது முதல் பந்தியையே எழுதி எழுதி அழிக்கிறேன்

அறிகுறி: ஒரு மணி நேரம் கழிகிறது, நான்கு வரி இருக்கிறது. அந்த நான்கும் நேற்று எழுதிய நான்கைவிடத் திறமில்லை.

இதற்குக் காரணம் பெரும்பாலும் பள்ளிக்கூடம். சாதாரண தரப் பரீட்சைக்கு நாங்கள் எல்லோரும் கட்டுரை பழகியவர்கள். முன்னுரையில் ஒரு பழமொழி அல்லது ஒரு கவிதை அடி, பிறகு விடயம், கடைசியில் "ஆகவே". முன்னுரை பிசகினால் புள்ளி போகும் என்ற பயம் நாற்பது வயதிலும் கையைப் பிடிக்கிறது. இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. 1980இல் மைக் ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பத்துப் பல்கலைக்கழக மாணவர்களை எடுத்துப் பார்த்தார். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுகிறவர்கள், ஐந்து பேர் அப்படி இல்லாதவர்கள். திணறியவர்களிடம் குறைந்திருந்தது திறமை அல்ல. அவர்களிடம் வளைந்து கொடுக்காத விதிகள் இருந்தன. முதல் பந்தியே வாசகரைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது ஒரு மாணவியின் விதி. ஒவ்வொரு வசனமும் முதல் தடவையிலேயே இலக்கணப் பிழையில்லாமல் வர வேண்டும் என்பது இன்னொருவருடையது. மற்ற ஐந்து பேரிடமும் விதிகள் இருந்தன. ஆனால் சரிவராவிட்டால் விட்டுவிடலாம் என்ற அளவில்தான் அவற்றை வைத்திருந்தார்கள்.

செய்ய வேண்டியது: முதல் பந்திக்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். கொப்பியின் இரண்டாம் பக்கத்தில், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். பத்துக்கு ஆறு தரம் அது தேவைப்படாது. இரண்டாம் பக்கமே முதற் பக்கமாகிவிடும். பத்திரிகையில் நான் வெட்டியவற்றுள் அதிகம் வெட்டியது மற்றவர்களின் முதல் பந்திகளைத்தான். ஒருவர்கூட வந்து ஏன் என்று கேட்டதில்லை.

பேனையைக் கடதாசியிலிருந்து எடுக்காமல் பத்து நிமிடம் எதையாவது எழுதிக்கொண்டே போகும் முறையும் இருக்கிறது. 1970களில் பீட்டர் எல்போ என்ற ஆசிரியரால் அமெரிக்காவில் பிரபலமானது. பயத்தால் நிற்கிறவர்களுக்கு அது நல்லது. தகவல் இல்லாமல் நிற்கிறவர்களுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. பத்து நிமிடம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்பார்கள், கை மட்டும் நோகும்.

கதைத்தால் வருகிறது, எழுதினால் வரவில்லை

நான் அதிகம் காண்பது இது. தமிழில் எழுதுகிறவருக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே வரும். எங்களுக்குக் கதைக்கிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் இன்னொன்று. நினைவு முதலாவதில் இருக்கிறது, பேனை இரண்டாவதில் இருக்கிறது. ஒவ்வொரு வசனத்தையும் உள்ளுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே எழுதினால் களைக்காமல் என்ன செய்யும்? அந்த மொழிபெயர்ப்பில்தான் சாமான்கள் தொலைகின்றன.

ஒரு அக்கா தன் அம்மாவின் நினைவு மலருக்கு எழுத வந்தார். அந்தியேட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. அவர் கொண்டுவந்த கொப்பியில் இப்படி இருந்தது:

"அன்னார் அன்பின் உறைவிடமாகவும் பண்பின் சிகரமாகவும் பாசமிகு தாயாகவும் திகழ்ந்தார்."

இதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. எப்படி வரும்? இந்த வசனம் யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். கொப்பியை மூடச் சொல்லிவிட்டுப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, "அம்மா காலமையில என்ன செய்வா?" என்று கேட்டேன். அவர் சொன்னது:

"அம்மா விடியக் காலமை நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு வச்சுப்போட்டுத்தான் எங்களை எழுப்புவா. நாங்கள் எழும்பேக்க அவவின்ர சீலையில ஆவி மணக்கும்."

ரயில் போனது. அவர் அழுதார். பிறகு நான் அவர் சொன்னதை அப்படியே எழுதி, வினை முடிவுகளையும் இரண்டொரு சொல்லையும் மட்டும் மாற்றினேன்:

"அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இடியப்பம் அவித்து வைத்துவிட்டுத்தான் எங்களை எழுப்புவார். நாங்கள் எழும்போது அவருடைய சேலையில் ஆவி மணக்கும்."

மாறியது எவ்வளவு என்று பாருங்கள். எழும்பி, எழுந்து ஆனது. எழுப்புவா, எழுப்புவார் ஆனது. வசனத்தின் ஒழுங்கில் நான் கை வைக்கவில்லை. "விட்டுத்தான்" என்பதில் இருக்கும் அழுத்தத்தையும் தொடவில்லை. எழுத்துத் தமிழ் என்றால் வேறு பெரிய சொற்கள் வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குப் பெரும்பாலும் வேறு விகுதிகள் போதும்.

செய்ய வேண்டியது: கைபேசியில் குரல்பதிவைத் திறந்து, துண்டுக் கடதாசியில் எழுதிய அந்த "இன்னாருக்கு" வாயால் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிறகு பேச்சுத் தமிழிலேயே எழுத்தில் இறக்குங்கள். வெட்கப்படத் தேவையில்லை, அதை யாரும் பார்க்கப்போவதில்லை. மூன்றாவது வேலை வினை முடிவுகளைத் திருத்துவது. இந்த மூன்றையும் ஒரே இருப்பில் செய்யப் பார்க்கிறவர்கள்தான் திரும்பவும் "திகழ்ந்தார்" என்ற சொல்லில் போய் விழுகிறார்கள்.

நன்றாகப் போனது, நடுவில் நின்றுவிட்டது

இங்கே மனத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். கடைசியாக எழுதிய வசனத்துக்கு அடுத்த வசனத்தில் என்ன தகவல் வர வேண்டும் என்று பாருங்கள். அது உங்களிடம் இருக்கிறதா?

செட்டியார் தெருவில் தாத்தா வைத்திருந்த நகைக்கடையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு தம்பி மூன்றாம் பக்கத்தில் ஒரு மாதம் நின்றார். ஊக்கம் போய்விட்டது என்றார். கொப்பியைப் பார்த்தால், தாத்தா இரண்டாம் பக்கத்தில் ஊரில் இருக்கிறார், மூன்றாம் பக்கத்தில் கடை முதலாளியாக இருக்கிறார். நடுவில் எப்படி வந்தார், யார் முதல் போட்டார், எதுவும் தம்பிக்குத் தெரியாது. தெரியாததைச் சுற்றி "கடின உழைப்பால் உயர்ந்தார்" என்று ஒரு வேலி கட்டியிருந்தார். பெரியம்மாவுக்கு அழைப்பு எடுக்கச் சொன்னேன். நாற்பது நிமிடம் கதைத்தார்கள். மிச்சத்தை அவர் அந்தக் கிழமையே எழுதி முடித்தார்.

கேட்பதற்கு ஆள் இல்லையென்றால் இடம் இருக்கிறது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் நடக்கிற தூரம்தான். 2005இல் ஆரம்பித்த "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய இதழ்களும் நினைவு மலர்களும்கூட வருடிப் போடப்பட்டிருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு தகவலுக்காகப் போய் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு வருவதும் எழுதாமல் இருப்பதற்கு ஒரு நல்ல வழி. கேள்வியை முதலில் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். பதில் கிடைத்ததும் எழும்பி வந்துவிடுங்கள்.

தகவல் ஒரு எண்ணோ ஒரு பெயரோ மட்டும் என்றால் நிற்கவே வேண்டாம். அந்த இடத்தில் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். பத்திரிகையில் நாங்கள் தெரியாத எண்ணுக்கு மூன்று பூச்சியம் போட்டு வைப்போம். ஒருநாள் 000 பேர் கலந்துகொண்ட கூட்டம் ஒன்று அப்படியே அச்சாகிக் காலையில் வீட்டுக்கு வந்தது. ஆகவே சிவப்பு வட்டம்.

தகவல் எல்லாம் இருந்தும் நிற்கிறதென்றால் ஒழுங்கில் கோளாறு. அச்செடுத்து, பந்தி பந்தியாகக் கத்தரித்து, தரையில் பரப்பிப் பாருங்கள். கணினித் திரையில் இது சரிவராது.

எழுதி முடித்துவிட்டேன், வாசித்தவருக்கு விளங்கவில்லை

இது பேனை நிற்கிற அடைப்பு இல்லையே என்று கேட்கலாம். அடைப்புத்தான்; எழுதியவரிடம் இல்லாமல் வாசிக்கிறவரிடம் வருகிறது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கியிருக்கிறார். உயர்தரத்தில் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், பாடமாக்கிவிட்டு மறந்திருப்போம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். ஒப்புநோக்குகிற மேசையில் எனக்கு உதவியவை மூன்று. மயங்க வைத்தல்: இரண்டு பொருள் படும்படி எழுதுவது. வெற்றெனத் தொடுத்தல்: சொல் இருக்கும், பொருள் இருக்காது. மற்றொன்று விரித்தல்: சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது. 13ஆம் நூற்றாண்டில் எழுதிய பட்டியல் இன்றைக்கு ஒரு அலுவலகக் கடிதத்தில் அப்படியே பொருந்துவதைப் பார்த்தால் கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது.

மயங்க வைத்தல் தமிழில் பெரும்பாலும் பெயரெச்சத்தால் வருகிறது. "கொழும்பில் படித்த என் நண்பரின் மகள்" என்றால் படித்தது நண்பரா, மகளா? "நேற்றுச் சந்தித்த ஆசிரியர்" என்றால் அவர் யாரையோ சந்தித்தாரா, நான் அவரைச் சந்தித்தேனா? எழுதினவருக்கு ஒரு பொருள்தான் தெரியும், அதனால் பிழை அவர் கண்ணில் படாது. வசனத்தை இரண்டாக உடைப்பதுதான் மருந்து. "என் நண்பரின் மகள் கொழும்பில் படித்தவள்." முடிந்தது.

அடுத்தது வசன நீளம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், வாசிக்கிறவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு வசனத்தின் வால்வரை நடக்க வேண்டியிருக்கிறது. போய், பார்த்து, கேட்டு, எழுதி, கொடுத்து என்று வினையெச்சங்களாகவே அடுக்கினால் கை நிறைந்து சாமான் விழத் தொடங்கும். ஒரு சிவப்புப் பேனையை எடுத்து, ஒரு பக்கத்தில் உள்ள வினைமுற்றுகளுக்கு மட்டும் கீழே கோடு போடுங்கள். முழுப் பக்கத்திலும் ஐந்தாறு கோடுதான் வருகிறது என்றால் கதை விளங்கிவிட்டது. பிறகு எழுவாயையும் கோடு போட்ட வினையையும் மட்டும் சேர்த்து வாசியுங்கள். "குழுவினர் ... தீர்மானிக்கப்பட்டது" என்று வந்தால், நடுவில் எங்கோ நீங்களே வழிதவறியிருக்கிறீர்கள்.

வெற்றெனத் தொடுத்தலுக்கு ஓர் உதாரணம். ஒழுங்கையில் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் எழுதிய கடிதம்:

"மேற்படி விடயம் தொடர்பாக உரிய நடவடிக்கைகள் துரிதமாக மேற்கொள்ளப்படுதல் வேண்டும் எனத் தயவுடன் கேட்டுக்கொள்கின்றேன்."

எந்த விடயம்? யார் மேற்கொள்வது? துரிதம் என்றால் எப்போது? மேசையில் இருந்து நாங்கள் மாற்றி எழுதியது:

"எங்கள் ஒழுங்கையில் கடற்கரைப் பக்கத்து மூன்றாவது கம்பத்தின் விளக்கு மூன்று கிழமையாக எரியவில்லை. இரவு வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள் அந்த இருட்டால்தான் வருகிறார்கள். இந்தக் கிழமைக்குள் மாற்றித் தாருங்கள்."

"இது மரியாதையாக இல்லையே" என்றார் அவர். "தயவுசெய்து" என்ற சொல்லைச் சேர்த்தோம். "மேற்கொள்ளப்படுதல்" தன் சொந்த வாயில் ஒருநாளும் வராத சொல் என்பதை அவரும் ஒத்துக்கொண்டார்.

கடைசியாக, உரத்து வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடம், நாக்குத் தடுக்குகிற இடம், இரண்டையும் அடையாளம் போடுங்கள். வீட்டில் வெட்கமாக இருந்தால் காலி வீதியில் நடந்துகொண்டே வாசிக்கலாம். அங்கே பஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

தட்டச்சு செய்யும்போது யோசனை ஓடிவிடுகிறது

பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய கைக்கு இது வரும். அதில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம். யூனிகோட்டில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. கை ஒவ்வொரு "கெ"யிலும் தடுமாற, மனம் வசனத்தை விட்டுவிடும். முதற் படியைக் கையால் எழுதுங்கள். பிறகு நீங்களே அடிக்கலாம், அல்லது கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து அடிப்பிக்கலாம். எழுதுவதையும் எழுத்துருவோடு மல்லுக்கட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம்.

மாதக்கணக்காக ஒன்றும் வரவில்லை, வாசிக்கவும் பிடிக்கவில்லை

நித்திரை வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? முன்பு பிடித்த வேறு எதுவாவது இப்போது பிடிக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் இது எழுத்துப் பிரச்சினை அல்ல, என் மேசைக்கு வர வேண்டியதும் அல்ல. உங்கள் வைத்தியரிடம் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் கதைக்க ஆள் இருக்கிறது. கொப்பி காத்திருக்கும். மற்றபடி வெறும் களைப்பு என்றால், எழுதுவதை நிறுத்தும்போது ஒரு வசனத்தைப் பாதியில் விட்டு நிறுத்திப் பாருங்கள். மறுநாள் அந்தப் பாதியைத் தொடர்வது, புதிதாகத் தொடங்குவதைவிட எளிது.

முடிக்க வரவில்லை

சென்று தேய்ந்து இறுதல் என்பதும் பவணந்தியாரின் பட்டியலில் இருக்கிறது: நன்றாகத் தொடங்கி, போகப் போகத் தேய்ந்து முடிவது. அநேகமாக எழுத்து முன்னரே முடிந்திருக்கும், எழுதுகிறவர்தான் நிறுத்தியிருக்க மாட்டார். கடைசிப் பந்தியை உள்ளங்கையால் மூடிவிட்டு அதற்கு முந்தினதோடு நிறுத்தி வாசித்துப் பாருங்கள். குறை தெரிகிறதா? தெரியவில்லை என்றால் இன்னொரு பந்தியையும் மூடிப் பாருங்கள். கை எங்கே போனதும் வாசிப்பவர் "பிறகு?" என்று கேட்பாரோ, அதற்கு ஒரு பந்தி கீழே நிறுத்த வேண்டும்.

அம்மாவின் நினைவு மலருக்கு எழுத வந்த அந்த அக்கா கடைசியில் ஆறு பந்தி எழுதினார். முடிவாக ஒரு "ஆத்ம சாந்தி" பந்தி இருந்தது; உள்ளங்கையால் மூடிப் பார்த்துவிட்டு அவரே வெட்டிவிட்டார். இடியப்ப உரல் இப்போது தன் வீட்டில் இருக்கிறது, இன்னும் எடுத்துப் பாவிக்கவில்லை என்ற வசனத்தோடு எழுத்து நின்றது. மலர் பதினாறு பக்கம். அச்சகத்தில் பக்கம் பிரித்தபோது அவருடைய பக்கத்தில் பாதி வெறுமையாக இருந்ததால், ஒரு பூப் படமோ ஒரு குறளோ போட்டு நிரப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.